தாழ்ப்பாள் பாட்டு

ஷில்லாங்கில் டோன்போக்கின் கிட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். கம்பி அறுந்த கிட்டாரையோ, மழையில் ஊறி வயிறு உப்பிப்போன கிட்டாரையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்று காலை வந்த பெண்ணின் கையில் ஒன்றும் இல்லை. தோளில் முடிச்சிட்ட கட்டம்போட்ட மேல்துணியில் சமையலின் மஞ்சள் கறை தெரிந்தது.

"நீங்கதானே பாஹ் டோன்போக்? தாழ்ப்பாள் பாட்டு எழுதினவரு?"

காஸிக்காரர்களுக்கு பாஹ் என்றால் அண்ணன், கொங் என்றால் அக்கா. இந்தக் கேள்விக்கு டோன்போக் ஒரு பதிலை எப்போதும் தயாராக வைத்திருந்தார். "இப்ப நான் அதப் பாடறதில்ல, கொங்."

"நீங்க பாடறதில்லன்னு ஊருக்கே தெரியும். பாட்டு நின்னுருச்சா?"

டோன்போக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

அவள் பெயர் பலாரி. இரண்டு தெரு தள்ளிச் சரிவில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு, தாய்வழியாக அவளுக்கு வந்தது. பான்ஜொப் என்கிற டாக்சிக்காரன் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கு வந்தான். வந்த புதிதில் நல்லவனாகத்தான் இருந்தான்.

"அப்புறம் கோஸ் கொண்டு வர்றவன்கிட்ட சிரிச்சா சந்தேகம். ஜெபம் பண்ண வந்த போதகர்கிட்ட சிரிக்கலன்னா அதுக்கும் சந்தேகம். ஒருநாள் அடுப்புல இருந்த பானையத் தூக்கி சுவத்துல அடிச்சான். அன்னைக்கே அவன் துணிமணிய மூட்டையா கட்டி வெளிய வெச்சிட்டேன். எங்க மாமா வந்து நின்னாரு. சத்தமில்லாம அவன் அக்கா வீட்டுக்குப் போயிட்டான்."

"போயிட்டான்ல?"

"போனான். தினம் மத்தியானம் கூட்டம் இருக்கற நேரமா பாத்து டாக்சியக் கொண்டாந்து எங்கடை முன்னால நிறுத்தறான். கண்ணாடிய எறக்கறான். உங்க பாட்டப் போடறான். ஒரு வார்த்த பேசமாட்டான். முழுசா ஓடி முடிஞ்சதும் போயிடுவான்."

அவளுக்குப் போட்ட முக்காலியில் டோன்போக்கே உட்கார்ந்துவிட்டார்.

"போலீசுக்குப் போனேன். 'அடிச்சானா'ன்னாங்க. இல்ல. 'திட்டினானா'ன்னாங்க. இல்ல. 'பாட்டு கேக்கறது குத்தமா கொங்'னு கேட்டு சிரிச்சாங்க. அதுல ஒருத்தரு நான் வெளிய வர்றதுக்குள்ள அதையே முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாரு." அவள் குரல் அதே நிதானத்தில் இருந்தது. "எனக்கும் புடிச்ச பாட்டுதான். பள்ளிக்கூடத்து விழாவுல அதுக்கு ஆடியிருக்கேன். இப்ப தாழ்ப்பாளையும் போட்டு, அதுமேல பெஞ்சையும் சாத்திட்டுத்தான் படுக்கறேன்."

"நான் என்ன செய்யணும்?"

"எனக்குத் தெரியாது. நீங்க மேடையில இருந்துதான் அதக் கேட்டிருப்பீங்க. ஒருதரம் என் அடுப்புகிட்ட உக்காந்து கேளுங்க."

அவள் போன பிறகு டோன்போக்குக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பாட்டை எழுதியபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. ரிதாலின் என்ற பெண்ணை உயிராக நினைத்திருந்தார். ஏரிக்கரையில் அவள் வேறொருவனோடு சிரித்துப் பேசிக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். கேட்டிருந்தால், அவன் ஜோவாய் ஊரிலிருந்து வந்திருந்த தன் சித்தி மகன் என்று சொல்லியிருப்பாள். இவர் கேட்கவில்லை. அன்று ராத்திரியே ஒரே மூச்சில் பாட்டை எழுதினார். 'ஸ்லோ லாரி' என்ற அவர்களுடைய குழுவில் டிரம்ஸ் வாசித்த ஹெக்டர் அதைக் கேட்டுவிட்டு, "மச்சான், இது நம்மள எங்கயோ கொண்டுபோயிடும்" என்றான். கொண்டுபோனது. போலோ மைதானத்தில் அவர் அதை முதன்முறை பாடியபோது ரிதாலின் கூட்டத்தில் நின்றிருந்தாள். யாரைப் பற்றிய பாட்டு என்று தெரிந்த பையன்கள் மேடையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொண்டு பாடினார்கள். அந்த வருஷமே அவள் நர்சுப் படிப்புக்கென்று பெங்களூர் போய்விட்டாள்.

ரொம்ப காலம் கழித்து ஒரு சாவு வீட்டில் அவளைப் பார்த்தார். இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பழையதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பக்கத்தில் போனார். அவள் சிரிக்கவில்லை. "வார்டுல யாரோட போனாவது அந்தப் பாட்ட அடிச்சா, நான் இன்னும் மொதல்ல கதவத்தான் பாக்கறேன். நீ வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் பாக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு டோன்போக் அந்தப் பாட்டைப் பாடவில்லை. விழாக்காரர்கள் கெஞ்சினாலும் பாடவில்லை. அதோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

மத்தியானம் பலாரியின் கடையில் போய் உட்கார்ந்தார். பன்றிக்கறிச் சோறு கொண்டுவந்து வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவளுடைய எண்ணை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். கறுப்பு மஞ்சள் டாக்சி ஒன்று வாசலில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

முதல் கிட்டார் ஒலியிலேயே பெஞ்சில் இருந்த ஒருவனின் கால் தாளம் போட்டது. டோன்போக்கின் இளவயதுக் குரல் தெருவிலிருந்து உள்ளே வந்தது.

*எந்த மலை ஏறினாலும் என் நிழல் உனக்கு முன்னே,*
*எவன் தோளில் சாய்ந்தாலும் அது உன் கடைசிச் சாய்வு,*
*கதவைச் சாத்திக்கொள் பெண்ணே, தாழ்ப்பாள் என் பேச்சைக் கேட்கும்.*

பலாரி சோறு அள்ளிப் போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் கண் ஒருமுறை வாசலையும் ஒருமுறை பின்கதவையும் பார்த்துவிட்டு வந்தது. அடுப்புக்கும் பின்கதவுக்கும் நடுவே கிடந்த அரிசி மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளி வழியை ஒழித்தாள். அவளை அறியாமலே தினம் செய்கிற காரியம் போலிருந்தது. டோன்போக் தட்டை ஒதுக்கி வைத்தார். பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய் டாக்சியின் முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

பான்ஜொப்புக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஒல்லியானவன். வெற்றிலைச் சிவப்பு உதட்டில். சவாரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"பாஹ், நீங்களா? நெசமாவே நீங்களா?"

"ஆமா. வண்டிய எடு. பேசணும்."

"எங்க போகணும்?"

"எங்கயாவது. மேல் ஷில்லாங் பக்கம் போ."

அவன் பாட்டின் ஒலியைக் குறைத்தான், நிறுத்தவில்லை. வண்டி ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை டோன்போக்கால் பார்க்க முடியவில்லை. கோவிலில் சாமி எதிரே வந்து நின்றால் பக்தன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"யாருக்கும் புரியல பாஹ். எங்க அக்கா சொல்றா, விட்டுத் தொலைன்னு. போதகர் சொல்றாரு, மன்னிச்சுடுன்னு. உங்க பாட்டுக்கு மட்டுந்தான் புரியுது. நீங்க இதெல்லாம் பட்டிருக்கீங்க. படாதவன் அப்படி எழுதமுடியாது."

"பட்டேன். ஆனா பாட்டுல இருக்கறது பொய்யி, பான்ஜொப். அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. கூட வந்தவன் சித்தி மகன்."

அவன் சிரித்தான். "அப்படித்தான் சொல்லுவாங்க."

அப்போதுதான் டோன்போக்கின் கால் இருக்கைக்கு அடியில் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தார். செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம். ஒரு முனையில் புது மரப்பிடி வெளியே தெரிந்தது. கறிக்கடைக்காரர்கள் எலும்பு வெட்டுகிற கத்தி. அவர் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்கு எத்தன மணி வரைக்கும் வண்டி ஓட்டுவ?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னைக்கு சாயங்காலம் வேல இருக்கு பாஹ். அவ கடை சாத்தறப்ப போகணும். இன்னைக்கு முடிச்சிடலாம்னு இருக்கேன்."

"என்னத்த?"

"பாட்டுல எப்படி முடியுதோ அப்படி."

"பாட்டுல முடிவே இல்லையே."

"இருக்கு பாஹ்." அவன் மாணவனைத் திருத்துகிற வாத்தியார் போலப் பொறுமையாகச் சொன்னான். "'அது உன் கடைசிச் சாய்வு'. நீங்கதான எழுதினீங்க? மத்தவங்க அத சும்மா பாடிட்டுப் போறாங்க. நான் ராத்திரி பூரா கேட்டுட்டு இருப்பேன். உங்களுக்கும் எனக்கும்தான் அது என்னன்னு தெரியும்."

வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பைன் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இறங்கி ஓடினால் இவன் நேரே வண்டியைத் திருப்பிக்கொண்டு அவளிடம் போவான். கத்தியைப் பற்றிக் கேட்டாலும் அதுதான் நடக்கும். டோன்போக்குக்குத் தெரிந்த ஒரே வழி, இவனை ஊரிலிருந்து தூரமாக இழுத்துக்கொண்டு போவது.

"மாவ்ஃப்ளாங் ரோட்டுல ஒரு டீக்கடை இருக்கு. அங்க போ. அந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்" என்றார்.

அவன் கண் மின்னியது. வண்டி வேகம் பிடித்தது.

வழி நெடுகக் கதை சொன்னார். பாதி உண்மை, பாதி கையிலிருந்து போட்டது. எந்தக் கிட்டார், எந்த அறை, ஹெக்டர் எப்படித் தாளத்தை மாற்றினான் என்று இழுத்துக்கொண்டே போனார். அவன் குழந்தை போலக் கேட்டான். டீக்கடை வந்ததும் இருவரும் இறங்கினார்கள். கடையில் ஒரு பெரியம்மா மட்டும் உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பான்ஜொப் ஒதுங்குவதற்காகக் கடைக்குப் பின்னால் போனான்.

டோன்போக் வண்டிக்குப் பாய்ந்தார். பொட்டலத்தை உருவிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தார்.

"கொங், இத ஒளிச்சு வைங்க. ஒரு பொண்ண வெட்டறதுக்கு வெச்சிருக்கான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொட்டலத்தை உருளைக்கிழங்குக்கு அடியில் செருகிவிட்டு மேலே சாக்கைப் போட்டாள்.

அவருடைய போனில் சிக்னல் இல்லை. "உங்க போன் எடுக்குதா?"

"என்னது எடுக்கும்."

பலாரி மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"நான் டோன்போக். உடனே கடையச் சாத்திட்டு உங்க மாமா வீட்டுக்குப் போயிடுங்க. கத்தி வெச்சிருந்தான். நான் எடுத்துட்டேன். ஆனா இன்னொண்ணு வாங்க அவனுக்கு நேரமாகாது."

"அடுப்புல சோறு கொதிக்குது."

"கொதிக்கட்டும். கெளம்புங்க."

"நான் எதுக்கு என் வீட்ட விட்டு ஓடணும்?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

பான்ஜொப் திரும்பி வந்து டீயைக் குடித்தான். கதையின் மிச்சத்தைக் கேட்டான். டோன்போக் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அதில் பொய் கலக்கவில்லை.

"பாட்டு எழுதறதுக்கு முன்னால நான் அவ வீட்டுக்குப் போனேன். கையில கல்லு இருந்துச்சு. ஜன்னல் வழியா பாத்தேன். அவ அவங்க அக்காகூட உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தா. என் நெனப்பே இல்லாம இருந்தா. அதத்தான் என்னால தாங்கமுடியல. கல்லப் போட்டுட்டு வந்து பாட்ட எழுதினேன். அவ என்னையே நெனச்சுட்டு இருக்கணும்னு எழுதினேன்."

"நெனச்சாங்களா?"

"பயந்துட்டு நெனச்சா. வருஷக்கணக்கா. வீட்டுக்குள்ள எலி ஓடினாக்கூட நான்னு நெனச்சிருக்கா. எனக்கு வேண்டியது அதில்லப்பா. அது கெடைச்சு நான் என்ன பண்ண? கேவலமா இருக்கு."

பான்ஜொப் டம்ளரைக் கீழே வைத்தான். "நீங்க பயந்துட்டீங்க" என்றான். அவன் குரலில் இருந்த மரியாதை போய்விட்டது. "எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு செய்யத் தைரியம் இல்ல. அவ்வளவுதான்."

எழுந்து வண்டிக்குப் போனான். டோன்போக் பின்னாலேயே ஓடினார். அவன் உட்கார்ந்ததும் குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டான். துழாவினான். மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"எங்க அது?"

"இல்ல."

அடுத்த நொடி வெளியே வந்து டோன்போக்கின் சட்டையைப் பிடித்து வண்டிமேல் சாய்த்தான். முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. டீக்கடை அம்மா விறகுக் கட்டையோடு எழுந்து வந்து, "விடுடா. இன்னொரு அடி அடிச்சா மண்டைய ஒடச்சுடுவேன்" என்றாள். அவன் விட்டான். வண்டி சேற்றை வாரியடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பிப் பனிக்குள் மறைந்தது.

அம்மாவின் போனில் திரும்பத் திரும்ப அழைத்தார். பலாரி எடுக்கவில்லை. காய்கறி ஏற்றிய லாரி ஒன்று கைகாட்டியதும் நின்றது. ஓட்டுநர் அவர் வாயிலிருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். பனியில் லாரி ஊர்ந்தது. "கொஞ்சம் வேகமா போகக்கூடாதா" என்று டோன்போக் கேட்டதற்கு, "போகலாம், பள்ளத்துக்கு" என்றார் அவர். ஒவ்வொரு வளைவிலும் டோன்போக்குக்கு அந்தக் கடையின் அடுப்பும் ஓரமாகத் தள்ளிய அரிசி மூட்டையும்தான் கண்ணில் நின்றன.

ஷில்லாங்குக்குள் வந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. சரிவில் ஓடினார். தூரத்திலேயே பாட்டு கேட்டது.

டாக்சி கடைக்கு முன்னால் நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பெண்கள். கறிக்கடைக்காரி, மீன்காரி, மேல்வீட்டு அம்மாக்கள் எல்லோரும் வண்டியின் கதவுகள் திறக்க இடமில்லாதபடி ஒட்டி நின்றிருந்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. பலாரியின் மாமா தடியோடு முன்பக்கம் நின்றார். உள்ளே பான்ஜொப் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பலாரி ஓடிப்போயிருக்கவில்லை. கரண்டியோடு கடை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கடையச் சாத்தச் சொன்னீங்க. நான் தெருவக் கூப்பிட்டேன்" என்றாள் அவரிடம்.

தெருக்காரர்கள் கூப்பிட்டிருந்த போலீஸ் ஜீப் அப்போதுதான் வந்தது. இறங்கிய அதிகாரி கூட்டத்தையும் டாக்சியையும் பார்த்தார். "என்ன பிரச்சன? எதுவும் பண்ணினானா?"

"பாட்டு கேட்டுட்டு இருக்கேன் சார்" என்றான் பான்ஜொப் உள்ளேயிருந்து. "இவங்கதான் சுத்தி நிக்கறாங்க. அதோ, எழுதினவரே வந்திருக்காரு. அவரையே கேளுங்க. பாஹ், சொல்லுங்க. வெறும் பாட்டுதானே?"

எல்லோரும் டோன்போக்கைப் பார்த்தார்கள். உதடு வீங்கியிருந்தது. பேசினால் வலித்தது.

"வெறும் பாட்டில்ல. ஒரு பொண்ண மெரட்டறதுக்குன்னு நான் எழுதினது. இவனும் மெரட்டத்தான் போடறான். இன்னைக்கு இவங்கள வெட்டறதுக்குக் கத்தி வெச்சிருந்தான். மாவ்ஃப்ளாங் ரோட்டு டீக்கடைல இருக்கு. ஆளனுப்பி எடுங்க. நான் எழுதிக் குடுக்கறேன்."

பான்ஜொப் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "நீங்களே இப்படியா?" என்றான். அதற்குப் பிறகு அவனே கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான்.

காவல் நிலையத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண் காவலர் இருந்தாள். கத்தி வந்து சேர்ந்து மேசைமேல் இருந்தது. பாட்டின் வரிகளையும் வாக்குமூலத்தில் சேர்க்கவேண்டும், காஸி மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றவேண்டும் என்றார் அதிகாரி. டோன்போக் ஆரம்பித்தார். பழக்கத்தில் ராகம் வந்துவிட்டது.

"பாடாதீங்க பாஹ்" என்றாள் அந்தப் பெண். "சொல்லுங்க. அப்பதான் அடிக்க முடியும்."

சொன்னார். கிட்டார் இல்லாமல், தாளம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக. பலாரி எதிர்ப் பெஞ்சில் மாமாவோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வரியில் தட்டச்சுப் பெண்ணின் உதடு அவரோடு சேர்ந்து அசைந்தது. சின்ன வயதில் பாடியிருப்பாள். இரண்டாவது வரியில் நின்றது.

"தாழ்ப்பாள் உங்க பேச்சக் கேக்கும்னா? எப்படிப் போடறது?"

"அவ உள்ள பூட்டிக்கிட்டாலும் நான் வருவேன்னு அர்த்தம். அவ வேண்டாம்னு சொன்னாலும்."

அவள் விரல்கள் ஒரு கணம் அப்படியே இருந்தன. "இத நீங்களா எழுதினீங்க?"

"நான்தான்."

அவள் அடித்து முடித்தாள்.

பான்ஜொப்பைச் சில வாரங்கள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது என்ற உத்தரவோடு ஜாமீன் கிடைத்தது. அவன் அக்கா அவனைத் தன் மாமியார் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே வண்டி ஓட்டுகிறான் என்று கேள்வி. பலாரி பெஞ்சைக் கதவுக்குச் சாத்துவதை இன்னும் விடவில்லை. "பழகிருச்சு. மெல்ல விடுவேன்" என்கிறாள்.

ஹெக்டர் ரொம்ப நாள் பேசாமல் இருந்தான். "சொந்தப் பாட்டையே போலீசுல புடிச்சுக் குடுத்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்" என்று சந்தையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். கடைசியில் இணையத்திலிருந்து அதை எடுத்துவிட அவனும் சம்மதித்தான். அதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆயிரம் பேர் போனில் அது இருக்கிறது. கல்யாண வீடுகளில் இன்னும் ஆடுகிறார்கள்.

ஒருநாள் சாப்பிடப் போனபோது பலாரி கேட்டாள்: "அந்தப் பொண்ணுகிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போய் பெங்களூருக்கு அழைத்தார். ரிதாலின் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"போலீஸ்காரங்க முன்னால பாட்ட முழுசா சொன்னியா?"

"சொன்னேன்."

"அந்தத் தாழ்ப்பாள் வரியையும்?"

"ம்."

மறுமுனையில் மருத்துவமனையின் இரைச்சல் கேட்டது. யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

"அதுதான் ரொம்ப மோசம்" என்றாள். பிறகு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.